இடது காது அடைத்த ஆவணி

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். மழைக்கு அறிகுறி இல்லை. பட்டாசுக் கம்பெனியில் அதற்கே சந்தோஷம், வெடி மருந்து நன்றாகக் காயும். தெருக் குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. அதற்கு யாருக்கும் சந்தோஷம் இல்லை.

செய்ய வேண்டியது: ஈரோடு ஆர்டர் தட்டச்சு. லாரி ரசீதுகள். அம்மாவுக்கு முழங்கால் தைலம். என் செருப்பு (வார் போய்விட்டது).

சாயங்காலம் சாம்பிள். ஷெட்டுகளுக்குப் பின்னால் உள்ள பொட்டலில் புது ரகங்களை வெடித்துப் பார்த்தார்கள். மதுரையிலிருந்து இரண்டு வியாபாரிகள் வந்திருந்தார்கள். மேனேஜர் என்னை நோட்டோடு நிற்கச் சொன்னார். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். அவருக்கு நான் 'தாயி'. எது எம்புட்டு உயரம், என்ன நிறம், எது புஸ் என்று எழுத வேண்டும். நீலம் அழகு. பச்சை சுமார். ஒன்று திரியோடு நின்றுவிட்டது, கிளம்பவே இல்லை.

அண்ணாச்சி: "அது வெக்கப்படுது, நம்ம தாயி மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும், தரையைப் பார்த்து.

வேனில் வரும்போது இரண்டு காதிலும் கொய்ங். எப்போதும் உள்ளதுதான். எங்கள் பக்கம் காது அடைப்பது தும்மல் மாதிரி, யாரும் பெரிதாக எடுப்பதில்லை. சாப்பிட உட்காரும்போது தானாகத் திறந்துகொண்டது. அம்மா பிரஸ்ஸில் காலண்டர் அட்டை ஒட்டுகிறாள். இன்றைக்கு அங்கே இரண்டு பேர் பசை வாளிக்குச் சண்டை போட்ட கதையை முழுவதும் சொன்னாள். ஒன்றுவிடாமல் கேட்டேன். நல்ல சண்டை.

ஆகஸ்ட் 20, புதன்

எழுந்தபோது இடது காது இல்லை.

வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை. பஞ்சை வைத்து அழுத்தி மூடியது போல. உள்ளே ஒரு சத்தம் மட்டும் நிற்காமல், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அது. வலி இல்லை. எழுந்து நின்றதும் தரை லேசாகச் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா: "முந்தாநேத்து வெடிச்சாகல்ல, அதான். நம்ம ஊருல எவனுக்குக் காது அடைக்கல? பொழுதடையத் தொறந்துக்கிடும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். இதமாக இருந்தது. கேட்கவில்லை.

ஆபீஸ். முதல் போன் வந்தது, எடுத்தேன், ஒன்றுமில்லை. மறுபடி அடித்தது, எடுத்தேன், ஒன்றுமில்லை. போன் செத்துப்போச்சு என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அலமாரியிலிருந்து வேறு ரிசீவர் எடுத்து மாட்டினார். அதுவும் செத்திருந்தது. "ரெண்டுமா போகும்?" என்று அவர் வாங்கித் தன் காதில் வைத்தார். "சொல்லுங்க ஐயா, சிவகாசியில இருந்துதான்" என்று சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்.

அப்போதுதான் புரிந்தது. போன் இல்லை. நான்.

எனக்கு இடது கையில் ரிசீவர், வலது கையில் பேனா. இப்படித்தான் பழக்கம். இன்று முழுவதும் இடது கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய் வலது காதில் வைத்து எழுதினேன். தோள்பட்டை வலி.

அம்மாவிடம் போன் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "யார்கிட்டயும் சொல்லிக்கிடாத. செவிடுன்னு பேர் வச்சிட்டாகன்னா அப்புறம் போகாது. நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவுக காதுக்குப் போயிரும்" என்றாள்.

சொல்லாமல் இருப்பது எனக்கு வரும். அதில் கஷ்டம் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

காற்று. புழுதி. காது அப்படியேதான்.

வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வலது பக்கம் ஜன்னல், இடது பக்கம் முத்துமாரி அக்கா. பேக்கிங்கில் இருக்கிறாள், திருத்தங்கலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். திடீரென்று சிரிப்பு. திரும்பினால் அவள் கையில் காகிதத்தில் சாத்தூர் சேவு, முகம் சிவந்திருந்தது. கடைசி வார்த்தைகள் மட்டும் கிடைத்தன.

"...காலேசு படிச்சவுகளுக்கு நம்ம கைச் சேவு எறங்காதுல்ல. மூணு தடவ கூப்பிடுதேன், கல்லு மாதிரி இருக்கா. எம்புட்டுத் திமிரு பாருங்க."

பின் சீட்டிலிருந்து யாரோ: "அவுக பேனா பிடிக்கிற கைக்கு எண்ணெய் ஆகாது, விடு."

சொல்லியிருக்கலாம். அக்கா, எனக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை. ஐந்தே வார்த்தை. வாயில் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அது இன்னும் மோசம். எனக்குச் சேவு பிடிக்கும்.

ஆபீஸில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். இரண்டு காதுக்கும் பொதுவாக இருக்குமே என்று. எதிரே வேறொரு கடைக்காரர் உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. சேலம்காரருக்கு என்ன விலை போட்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் போனபிறகு அண்ணாச்சி திட்டினார். "ஊருக்கே ஒலிபரப்பு பண்ணுதியா தாயி? இது போன் வேலை. காதுல வச்சுப் பேச முடியலைன்னா எதுக்கு இங்கன உக்காரணும்?"

நியாயம்தான். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். நாற்காலியும் மேலே காற்றாடியும் உள்ள வேலைக்குப் போன முதல் ஆளும். அந்த நாற்காலியில் உட்கார ஒரு காது வேண்டும் போல.

சாயங்காலம் தெருமுனை கிளினிக். கூட்டம். டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். "என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார். "கம்பெனியில சாம்பிள் வெடிச்சாங்க சார்" என்றேன். தலையாட்டினார். சளி மாத்திரை, ஒரு வாரம் பாருங்கள் என்றார். எழுந்தவுடன் இப்படி இருந்தது, ஒரு காது மட்டும்தான், தலை சுற்றியது. இதெல்லாம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, எனக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, நான் எழுந்துவிட்டேன்.

ஒரு வாரம். பார்க்கலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுத நிறைய. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பத்தரை மணி வாக்கில் ஈரோடு பவானி அக்கா போன். பட்டாசுக் கடை வைத்திருக்கிறார். முகம் பார்த்ததில்லை. போனில் அப்படிக் கத்துவார். ரிசீவரை ஒரு சாண் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் அவருக்கு 'கோயில் மைக்கு' என்று பெயர். இன்று வலது காதில் வைத்தும் அவர் சொன்ன ரகங்கள் பிடிபடவில்லை. இடது பக்கத்துச் சத்தம் எல்லாவற்றின் மேலும் ஏறி நிற்கிறது. மறுபடி மறுபடி கேட்டேன்.

"ஏங்கண்ணு, நீ ஒருக்கா சொன்னா புடிச்சுக்குவியே. இன்னைக்கு எதுக்கு இத்தனவாட்டி கேக்கற?"

"லைன் சரியில்லக்கா."

"லைனெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எனக்கே கேக்குது, உனக்குக் கேக்காதா? என்னாச்சு, சொல்லு."

முகம் தெரியாத ஆள் என்பதாலா, தெரியவில்லை. சொல்லிவிட்டேன். அம்மாவைத் தவிர முதல் ஆள். எந்தக் காது என்று கேட்டார். தூங்கி எழுந்தபோதே அப்படியா? உள்ளே சத்தம் ஓடுகிறதா? தலை சுற்றியதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பிறகு அந்தப் பக்கம் அமைதி. பவானி அக்கா போனில் அமைதி என்பதை நான் கேட்டதே இல்லை.

"எனக்கு வலதுபக்கம். ரெண்டு வருசமாச்சு. இப்புடியேதான் ஒரு நாள் காத்தால. சளின்னு நெனச்சேன். தீவாளி யாவாரம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். போனப்ப, முன்னாலயே வந்திருக்கோணும்மான்னு சொல்லிப்போட்டாரு டாக்டரு. இப்ப அந்தப் பக்கம் செவுருதான். நான் கத்தறேன்னு உங்க ஆபீசுல சிரிக்கறீங்கல்ல? தெரியும் எனக்கு."

முகம் சுட்டது.

"இது அடைப்பு இல்ல கண்ணு, உள்ள நரம்பு. காது டாக்டரு கிட்ட இன்னைக்கே போகோணும். நாளைக்கின்னு சொன்னீன்னா ஆர்டரையே கேன்சல் பண்ணிப்போடுவேன்."

வைத்துவிட்டார். லீவு கேட்க வேண்டும் என்று அண்ணாச்சி மேசையைப் பார்த்தேன். லாரி ஷெட்டில் லோடு நடந்துகொண்டிருக்கிறது, சீசன், நேற்றுத்தான் திட்டு வாங்கியிருக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவருடைய செல் அடித்தது.

"சொல்லுங்கம்மா... ஆமாம்மா... அப்படியாம்மா... இல்லம்மா, எங்ககிட்டச் சொல்லலையே..."

அந்தப் பக்கத்துக் குரல் மேசை தாண்டி எனக்கே கேட்டது.

செல்லை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏ தாயி, இதையுமா மனசுக்குள்ளயே வச்சிருப்ப? நான் ஒரு மடையன், நேத்து ஸ்பீக்கருக்கு வேற வஞ்சேன்."

"சீசன்ல எப்படி..."

"சீசன் வருசா வருசம் வரும். கிளம்பு. தலை சுத்துதுங்கிற, தனியாப் போகாத. திருத்தங்கல்காரி யாரு இருக்கா பேக்கிங்ல?"

வேறு யார். முத்துமாரி அக்கா.

கைகழுவிக்கொண்டே வந்தவளிடம் அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கேக்காத பக்கமா இருந்து கூப்பிட்டிருக்கேன் அப்ப" என்றாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, பிறகு எழுப்பி, இடம் மாற்றி உட்காரவைத்தாள். என் வலது பக்கம் வருவதற்காக. பட்டாசு வேலைக்கு இரும்பு, பித்தளை எதுவும் போட்டு வரக்கூடாது, கையில் கண்ணாடி வளையல்தான். அதை என் வலது காதருகே குலுக்கினாள். கேட்டது. எட்டி இடது பக்கம் கொண்டுபோனாள். கை ஆடுவது தெரிந்தது. சத்தம் இல்லை.

"கேக்குதா?"

தலையசைத்தேன், இல்லையென்று.

"நல்லா குலுக்குதேன் பிள்ள."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "வளவி விக்கல, நீங்க அந்தப் பக்கம் பாருங்க" என்றாள் அவரிடம். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொன்னா என்னட்டி? வாயில என்ன, முத்தா உதிரும்? நான்பாட்டுக்கு நேத்துப் பூரா உன்னய வஞ்சிக்கிட்டே கெடந்தேன். எங்க வீட்டுக்காரர்ட்ட வேற சொல்லி வஞ்சேன்."

விருதுநகர் பெரியாஸ்பத்திரி. ஓ.பி. நேரம் முடிந்து சீட்டு கொடுக்கும் இடம் மூடியிருந்தது. நான் திரும்பிவிடலாம் என்றேன். அக்கா என் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. போகிற நர்ஸ் ஒருவரை மறித்து, "நர்சம்மா, இந்தப் பிள்ளைக்குத் தூங்கி எந்திரிச்சதுல இருந்து ஒரு காது போயிருச்சு" என்றாள். நடந்துகொண்டே இருந்த நர்ஸ் நின்றார். "தூங்கி எந்திரிச்சதுலயா? என்னைக்கு?" புதன் என்றேன். எங்களை நேரே உள்ளே கூட்டிப்போனார். பெயர் கேட்கவில்லை. மூக்கில் சின்ன மச்சம். அதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

காது டாக்டர், பெண். என்னைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். இரண்டு கால் கொண்ட இரும்புக் கவையை முழங்கையில் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் இசைக்கவை என்று படம் வரைந்தது. நிஜத்தில் இன்றுதான் பார்க்கிறேன். "எந்தப் பக்கம் கேக்குது?" வலது பக்கம். "அழுக்கோ சளியோ அடைச்சிருந்தா அடைச்ச பக்கம்தான் கூடக் கேக்கும். உங்களுக்கு நல்ல காதுக்குப் போகுது. அப்ப நரம்புப் பக்கம்."

நான் சாம்பிள் வெடியைச் சொன்னேன். விடாமல் கேட்டார்: அன்று எந்தக் காது அடைத்தது? இரண்டும். எப்போது சரியானது? சாப்பிடும்போது. மறுநாள்? நன்றாகக் கேட்டது. "அப்ப அது வேற, இது வேற. இந்த ஊர்ல எல்லாரும் வெடி மேலயே பழியைப் போட்டுட்டு வீட்ல இருந்துடறாங்க. திடீர்னு ஒரு காது போச்சுன்னா அன்னைக்கே வரணும்."

ஏன் வந்தது? பல பேருக்குக் காரணம் தெரியாமலே போகுமாம். சரியாகுமா? சிலருக்கு முழுவதும், சிலருக்குப் பாதி, சிலருக்கு இல்லை. சீக்கிரம் வந்தவர்களுக்கு வாய்ப்புக் கூட. "நீங்க நல்ல நேரத்துல வந்திருக்கீங்க" என்றார். அந்த வாக்கியத்தை பஸ் முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை, காலையில் சாப்பிட்டபின். இன்றைக்கு மட்டும் இப்போதே. டாக்டர் சொல்லாமல் நடுவில் நிறுத்தக் கூடாது. உப்பு, இனிப்பு குறைக்க வேண்டும். காதில் எதையும் ஊற்றக் கூடாது. மாத்திரை விழுங்க முத்துமாரி அக்கா தன் சோற்றைப் பிரித்துப் பாதி என் பக்கம் தள்ளினாள். புளிச்சோறு, அப்பளம். இன்று அவளுக்குப் பாதி நாள் வேலை போயிருக்கும்.

ஆகஸ்ட் 23, சனி

மறுபடி விருதுநகர். இன்று அம்மா வந்தாள். காது அளக்கும் அறை: கதவு மூடினால் சின்னப் பெட்டி. தலையில் ஹெட்போன், கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு மாற்றிவிட்டேன் என்று அந்தப் பெண் கைகாட்டினார். பிறகு காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே அவர் ஏதோ திருகிக்கொண்டே இருந்தார்.

தாளில் இரண்டு கோடு. வலது மேலே. இடது கீழே, தண்ணீர் இல்லாத கிணற்றுக் கயிறு மாதிரி.

அம்மா தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது மேல வருமா?" என்றாள் டாக்டரிடம். பார்க்கலாம்மா என்றார். அம்மா வெளியே வந்ததும், "எண்ணெய் ஊத்தினதுலதான் போச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "உண்மையச் சொல்லு." எண்ணெய்க்கு முன்னாலேயே போய்விட்டது அம்மா, எண்ணெயால் இல்லை. நம்பினாளா தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் எனக்கு இளநீர் வாங்கினாள். தனக்கு வேண்டாம் என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மேகம். தூறல் இரண்டு நிமிடம்.

பசி. சாப்பிட்டு எழுந்ததும் பசி. தூக்கம் சரியாக இல்லை. மாத்திரை அப்படித்தான் செய்யும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

அம்மாவின் ரகசியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முத்துமாரி அக்கா வேனில் சொல்லி, வேன் தெருவில் சொல்லி, இன்று காலையிலிருந்து ஆட்கள். வெங்காயச் சாறு. துளசி. ஆவி. எங்கள் சித்தி மகனுக்கு இப்படித்தான், சாத்தூரில் ஒருவர் ஊதி எடுத்தார். அம்மா வாசலிலேயே நின்று எல்லோருக்கும் ஒரே பதில்: "டாக்டர் எதையும் ஊத்தக் கூடாதுன்னுட்டாக. ஊதவும் கூடாது." டாக்டர் ஊதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவே சேர்த்துக்கொண்டாள்.

செவிடு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இடது பக்கம் நின்று சொல்லியிருப்பார்கள்.

பவானி அக்காவுக்கு நன்றி சொல்ல போன் செய்தேன். "மாத்திரை போட்டியா?" "போட்டேங்க்கா. அக்கா, உங்களுக்கு ரொம்ப..." "போடு, போடு. கடைல ஆளு நிக்குது." வைத்துவிட்டார்.

இங்கே எழுத எளிதாக இருக்கிறது. பவானி அக்காவுக்கு நன்றி. மச்சம் வைத்த நர்ஸுக்கு நன்றி. முத்துமாரி அக்காவுக்கு. அண்ணாச்சிக்கும்தான். வாயால் ஒருவருக்கும் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன். பிள்ளையார் சதுர்த்தி

காரக் கொழுக்கட்டை மட்டும். எனக்காக அம்மா இனிப்பே செய்யவில்லை, பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்கிறாள். எண்ணாமல் தின்றேன்.

முகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. கண்ணாடியில் வேறு யாரோ, நல்ல வசதியான வீட்டுப் பெண்.

மத்தியானம் ஒன்று நடந்தது. இடது காதில், அந்த இரைச்சலுக்கு அடியில், அம்மா. தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல. வலது காதில் ஒரு அம்மா, இடது காதில் குரல் உடைந்த இன்னொரு அம்மா, இரண்டு பேரும் சேர்ந்து "தேங்காய் துருவுதியா" என்று கேட்டார்கள். துருவினேன். அவளிடம் சொல்லவில்லை. நானே கற்பனை செய்துகொண்டேனோ என்று பயம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கற்பனை இல்லை. இன்று அளந்தார்கள். கீழ் ஸ்தாயிப் பக்கம் கோடு கொஞ்சம் ஏறியிருக்கிறது. கொஞ்சம்தான். டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார். மீதிக்கு, செவிப்பறை வழியாக ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். போடுவதும் வேண்டாமென்பதும் உங்கள் முடிவு என்றார்.

அம்மா என் கையைப் பிடித்தாள். பயந்து இழுக்கிறாளா, போ என்கிறாளா, தெரியவில்லை. போடுங்கள் டாக்டர் என்றேன். என் குரல் அறைக்குப் பெரிதாக இருந்தது.

பக்கவாட்டில் படுக்கவைத்து மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். பிறகு ஒரு குத்து, ஜில்லென்று. கட்டில் ஒருமுறை சுற்றி நின்றது. அரை மணி பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. "எம் மகளுக்கு முதல்ல உள்ளது கஷ்டமே இல்லம்மா" என்றாள் அம்மா. நர்ஸ் சிரித்தார். மச்சம்! அவரேதான். பேசக் கூடாத நேரம் பார்த்து வந்தார். கை கூப்பினேன், படுத்தபடியே. அவருக்கு என்னை நினைவிருந்ததா தெரியாது. போர்வையை இழுத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நல்ல மழை. கம்பெனி ஷெட் பாதி மூடல்.

ஆபீஸில் என் மேசை திரும்பியிருக்கிறது. அண்ணாச்சி யாரிடமும் சொல்லாமல் மாற்றிவைத்திருக்கிறார். இப்போது வருகிறவர்கள் எல்லோரும் என் வலது பக்கமாகத்தான் வந்தாக வேண்டும். போனுக்கு ஹெட்செட் ஒன்றும். "வாங்கினதில்ல, வீட்ல சும்மா கெடந்துச்சு" என்றார். அட்டைப்பெட்டியில் கடையின் சீல் அப்படியே இருந்தது.

வேனில் நான் ஏறியதும் முத்துமாரி அக்கா எழுந்து ஜன்னலோரம் போனாள். "இனிமே இதான் உன் சீட்டு. என்னய வலதுல வச்சுக்க." உட்கார்ந்தேன். இடது பக்கம் புதிதாகச் சேர்ந்த பெண். அவளிடம் நானாகவே சொன்னேன்: எனக்கு அந்தக் காது சரியாகக் கேட்காது, ஏதாவது சொன்னால் தொட்டுச் சொல்லுங்கள். அந்தப் பெண் "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் எதற்காகப் பயந்தேன்.

முத்துமாரி அக்கா: "ஏ பிள்ளைகளா, பேசுதாட்டி!"

பின் சீட்டில் கைதட்டல். அசிங்கமாக இருந்தது. நன்றாகவும்.

செப்டம்பர் 8, திங்கள்

வெயில் திரும்பிவிட்டது. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு விருதுநகர். (லீவு கேட்டேன். நானே. வாயால்.)

இரண்டு ஊசிக்குப் பிறகு (இரண்டாவது, போன வெள்ளி) இன்று மறுபடி பெட்டி அறை. இடது காதுக்கு மாற்றிவிட்டேன் என்று அந்தப் பெண் கைகாட்டினார். அழுத்தினேன். அழுத்தினேன். நடுவில் சில இடங்களில் ஒன்றுமில்லை, பிறகு மறுபடி. வெளியே வந்தபோது அவர், "நெறைய அழுத்துனீங்க" என்றார்.

தாள்: கீழ் ஸ்தாயி, நடு ஸ்தாயி கிட்டத்தட்ட வலது கோட்டுக்குப் பக்கத்தில். மேல் ஸ்தாயி இன்னும் சரிவாக. அது வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். உள்ளே உள்ள இரைச்சல் குறைந்திருக்கிறது, போகவில்லை. மாத்திரை குறைத்துக் குறைத்து முடியப்போகிறது. தலைக்கு ஒரு ஸ்கேன், நரம்பில் வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய, மதுரையில். மறுபடி மூன்று மாதம் கழித்து அளக்க வேண்டும். சாம்பிள் நேரத்தில் தூரமாக நிற்க வேண்டும், காதில் பஞ்சு இல்லை, அதற்கென்று உள்ள அடைப்பான்.

"ரொம்ப நன்றி டாக்டர்" என்றேன். முழு வாக்கியமாக. அவர் அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டே, "உங்களைச் சீக்கிரம் அனுப்பினவங்களுக்குச் சொல்லுங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்ட். சிவகாசி பஸ் கிளம்ப நேரம் இருந்தது. அம்மா என் இடது பக்கம், மடியில் பை. பவானி அக்காவுக்கு போன் போட்டேன், வலது காதில். இந்தமுறை அவர் வைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, எடுத்ததும் சொன்னேன்: "அக்கா, பாதிக்கு மேல வந்திருச்சு, உங்களாலதான், ரொம்ப நன்றிக்கா."

ஈரோட்டில் அமைதி. இரண்டாவது தடவையாக. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம், பிறகு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பலமாக: "அட என்ற கண்ணு! சாமி! நான் சொன்னன்ல! நல்லா இரு! கடைல எல்லாத்துக்கும் இன்னைக்கு டீ!" இன்னும் என்னென்னவோ. காது வலித்தது. அந்தக் காதும் போய்விடும் போல இருந்தது.

அம்மா பஸ் பக்கம் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வது போல, தணிந்த குரலில் முனகினாள்: "இந்தம்மாவுக்கு எதுக்கு போனு? அங்கன நின்னு பேசினா இங்கன கேக்குமே."

சிரித்துவிட்டேன்.

"எதுக்கு கண்ணு சிரிக்கற?" என்றார் பவானி அக்கா, வலதில்.

அம்மா மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "கேட்டுச்சா?" என்றாள், இடதில்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல முடியவில்லை.